ரோஸ்லின் குளிக்கப் போன நாள்

என் படிப்புக்கு உலை வைக்க வந்த டெலிபோன் காலை, "நம்பர் பிளீஸ்" என்று நானேதான் எடுத்தேன். கனெக்‌ஷனும் நானேதான் கொடுத்தேன். காலேஜில் எந்தப் பாடம் எடுப்பது, இருக்கிற வேலையை விடலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஆனால் சொல்லி முடித்ததே இல்லை. பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எழுதினால் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1. தண்ணி விழுதா?

அறுபதுகளின் நடுவில் நான் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பெயர் உலகம்மாள். வீட்டிலும் போர்டிலும் உலகு. பி.யு.சி. முடித்த கையோடு கிடைத்த வேலை.

அந்தக் காலத்து டெலிபோனில் நீங்களாக நம்பர் போட முடியாது. பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால், எங்கள் போர்டில் உங்கள் நம்பருக்கு நேரே ஒரு சின்னத் தகடு 'டக்' என்று விழும். அதற்கு ஷட்டர் என்று பெயர். நாங்கள் அந்த ஓட்டையில் ஒரு கார்டை, அதாவது முனையில் பித்தளை வைத்த கம்பிக் கயிற்றை, செருகி, கீயைத் தள்ளி, "நம்பர் பிளீஸ்" என்போம். நீங்கள் நம்பரைச் சொன்னதும் இன்னொரு கார்டை அங்கே செருகி ரிங் கொடுப்போம். பிறகு கீயை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் நீங்கள் பேசுவதெல்லாம் எங்கள் காதில் விழும். 'நம்பர் பிளீஸ்'-க்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது எங்கள் சூப்பர்வைசர் வைத்தியநாதன் சாரின் சட்டம்.

சீசன் வந்தால் அந்தச் சட்டம் காற்றில் பறந்துவிடும். சாரல் தொடங்கியதும் மதுரை, தூத்துக்குடி, கோவில்பட்டி என்று எங்கிருந்து டிரங்க் கால் வந்தாலும், நம்பரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "யம்மா, குத்தாலத்துல தண்ணி விழுதா?"

தென்காசியில் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு எப்படித் தெரியும்? பகல் டூட்டியில் என்னோடு இருந்த ஒரே பெண் ரோஸ்லின். அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஜன்னல் வழியாக மேற்கே பார்ப்பாள். மலை தெரிந்தால் தண்ணி இல்லை. மேகம் மூடி மலை தெரியாமல் போனால் தண்ணி விழுகிறது. இதை வைத்துக்கொண்டு அவள் பாதி மாநிலத்துக்கு ஜோசியம் சொன்னாள். பெரும்பாலும் பலித்தது.

ஒரு நாள் விருதுநகரிலிருந்து ஓர் எண்ணெய் வியாபாரி கேட்டார். ரோஸ்லின் திரும்பிப் பார்த்தாள். மலையே தெரியவில்லை. "கொட்டோ கொட்டுன்னு கொட்டுது அண்ணாச்சி" என்றாள். அப்புறம்தான் எழுந்து போய்ப் பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே வைக்கோல் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. லாரி நகர்ந்ததும் மலை பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் குற்றாலம் லாட்ஜிலிருந்து ஷட்டர் விழுந்தது. "யாரும்மா அது, தண்ணி கொட்டுதுன்னு சொன்னது? குடும்பத்தோட எண்ணெய் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். பாறையில கருவாடு காயப்போடலாம் போல இருக்கு!" ரோஸ்லின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ராங் நம்பர்" என்றாள். அவர் அதிர்ஷ்டமோ அவள் அதிர்ஷ்டமோ, அன்று சாயங்காலமே மலையில் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் ஒரு வாரம் தங்கிக் குளித்துவிட்டுப் போனார்கள். போகிற வழியில் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு டின் நல்லெண்ணெய் இறக்கி வைத்தார்கள். வைத்தியநாதன் சார் அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார். யாருக்குத் திருப்பி அனுப்புவது என்று தெரியாமல் நாங்கள் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம்.

2. நெல் விலை கேட்டவருக்கு வடை

சாரல் நாளில் எங்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. கிராஸ் டாக். ஒரு லைனில் பேசுவது பக்கத்து லைனில் கேட்கும். குற்றாலம் ரோட்டில் ஒரு ரைஸ் மில் இருந்தது. குற்றாலம் லாட்ஜுக்குப் போகிற கம்பியும் மில் கம்பியும் ஒரே போஸ்ட்டில்தான் ஓடின. ஈரம் பிடித்தால் இரண்டும் உறவாடத் தொடங்கிவிடும்.

மில் முதலாளி கடையம் ஊரிலிருக்கிற ஒருவரிடம் நெல் விலை பேசிக்கொண்டிருப்பார். நடுவில் லாட்ஜிலிருந்து யாரோ, "சூடா நாலு வடை" என்பார். மில் முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். "என்னம்மா இது, நெல்லு என்ன விலைன்னு கேட்டா வடைங்கான்!"

இதைச் சரிசெய்யத் திருநெல்வேலியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். போஸ்ட்டில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் கிண்ணங்கள் ஈரமாகிவிட்டால் குரல் கசிகிறது என்றார். குரல் எப்படிக் கசியும் என்று கேட்டேன். குரல் இல்லை, கரண்ட் என்றார். அப்படியானால் குரல் எங்கே கரண்டாக மாறுகிறது, அங்கே போய் எப்படித் திரும்பவும் குரலாகிறது, வடைக்காரர் குரல் சின்னதாகவும் கடையத்துக்காரர் குரல் பெரிதாகவும் கேட்பது ஏன் என்று அடுக்கினேன். மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்கு மேல கேட்டா நானே புஸ்தகத்தைப் பாக்கணும்மா. பேசாம பிசிக்ஸ் படி. படிச்சிட்டு வந்து எனக்கும் சொல்லு" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. பி.யு.சி.யில் கணக்கும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேர்த்துத்தான் படித்திருந்தேன். பாஸ் பண்ணுவதற்கு ஒரு பாடம் என்பதற்கு மேல் பிசிக்ஸைப் பற்றி நினைத்ததே இல்லை. இப்போது அது ஹெட்செட் வழியாக என் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. டீச்சர் டிரெய்னிங் போகலாமா என்று கூட ஒரு காலத்தில் யோசித்திருந்தேன். அன்றோடு அதெல்லாம் போயிற்று. கார்டைச் செருகும்போதெல்லாம், இந்தச் செம்புக்குள்ளே என்னதான் ஓடுகிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். "ஏட்டி, கம்பிய அப்புறம் கொஞ்சு, மூணு ஷட்டர் விழுந்து கெடக்கு" என்று ரோஸ்லின் முதுகில் தட்டுவாள்.

3. கவர்மெண்டு நாற்காலி

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. பிசிக்ஸுக்கு இடம் கிடைத்தது. அந்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வேலையை ராஜினாமா செய்வதாக எழுதிக் கொண்டுபோய் வைத்தியநாதன் சார் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"பெர்மனென்ட் வேலை. பென்ஷன் உண்டு. இதை விட்டுட்டுப் போய் மூணு வருஷம் படிக்கப் போறியா? ஒங்கப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் இதை அனுப்புதேன்" என்றார்.

என் அப்பா சுப்பையா பாத்திரக்கடை வைத்திருந்தார். பித்தளைக் குடத்தைச் சுண்டு விரலால் ஒரு தட்டு தட்டி, சத்தத்தை வைத்தே எங்கே விரிசல் என்று சொல்லிவிடுவார். கடைக்குக் கரண்டி வாங்க வருகிறவரிடம் கூட, "எம் மவ டெலிபோன் ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லாமல் சில்லறை கொடுக்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம் போய், வேலையை விடப் போகிறேன் என்றேன்.

"பாப்போம்" என்றார். அன்று சாப்பிடும்போதும் பாப்போம். மறுநாளும் பாப்போம். அம்மாவிடம் கேட்டால், "ஒங்க அப்பா பாப்போம்னா, பாக்க மாட்டேன்னு அர்த்தம்" என்றாள்.

ரோஸ்லினும் என் பக்கம் இல்லை. "பைத்தியமாட்டி ஒனக்கு? கவர்மெண்டு நாற்காலி. அதுவும் காத்தாடிக்கு நேர் கீழ!" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஃபேன் காற்றை விட்டுவர எனக்கும் மனசில்லைதான். ஆனால் அந்த இன்ஜினியர் டீயைக் கீழே வைத்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. கேள்வி கேட்டு ஒருவரை டீ குடிக்க விடாமல் செய்ய முடியும் என்றால், பதிலும் தெரிந்துகொண்டால் என்னவெல்லாம் செய்யலாம்!

4. அந்தக் கால்

சீசனில் நாங்கள் ஊருக்கெல்லாம் தண்ணி விழுகிறது என்று சொல்வோமே தவிர, குளிக்க எங்களுக்கு நேரம் கிடைக்காது. அதனால் ஆளுக்கு ஒரு காலை முறை போட்டுக்கொண்டு குற்றாலம் அருவிக்கு ஓடுவோம். அந்த வாரம் என் முறை. வீட்டிலும் சொல்லி, துண்டும் எண்ணெயும் பையில் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். வழியில் எக்ஸ்சேஞ்சில் தலையைக் காட்டியபோது ரோஸ்லின் கெஞ்சினாள். நாசரேத்திலிருந்து அவள் சித்தி பிள்ளைகள் வந்திருக்கிறார்களாம், இன்றைக்கே திரும்புகிறார்களாம். எனக்குக் குளிக்கிற மனநிலையும் இல்லை. பையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போர்டில் உட்கார்ந்தேன். வெளியே சாரல் பொடிப் பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது.

ரைஸ் மில் ஷட்டர் விழுந்தது.

"நம்பர் பிளீஸ்."

மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் மில் முதலாளியின் குரல், "தலைகீழாப் பிடிச்சிருக்கீரு வே, திருப்பும்" என்றது.

"அலோ! நான் பாத்திரக்கடை சுப்பையா பேசுதேன்!"

அப்பா! வாழ்க்கையில் முதல் முறையாக டெலிபோனில் பேசுகிறார். ஹெட்செட் இல்லாமலேயே கேட்டிருக்கும்.

"யாரு, ரோஸ்லினா?"

"ஆமாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"சவுரியமா இருக்கியா தாயி? உலகு இன்னைக்குக் குளிக்கப் போயிருக்கா, அதான் இப்பப் பேசுதேன். ஒங்க சாரைக் கூப்பிடு. அவ எழுதிக் குடுத்த காகிதத்தக் கிழிச்சுப் போடச் சொல்லணும். அவகிட்ட மூச்சு விட்டுராத."

என் கையில் கார்டு இருந்தது. சார் லைனுக்கான ஓட்டை கண்ணுக்கு நேரே இருந்தது. நல்லவேளை, அதில் ஏற்கெனவே ஒரு கார்டு இருந்தது. சார் திருநெல்வேலியோடு டிரங்கில் பேசிக்கொண்டிருந்தார். "சார் லைன்ல இருக்காங்க, கொஞ்சம் பொறுக்கணும்" என்றேன். என் சர்வீஸில் ஓர் உண்மையை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.

"பொறுக்கேன்" என்றார். ஆனால் வாயை வைத்துக்கொண்டு அவரால் பொறுக்க முடியாது. "நீயே சொல்லு தாயி. கெடைச்ச வேலைய எவளாவது விடுவாளா?"

அதற்குள் குற்றாலம் லாட்ஜ் ஷட்டர் விழுந்தது. ஒரு நிமிஷம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அதை எடுத்தேன். அருவி இரைச்சலுக்கு மேலே ஒரு கத்தல்.

"ஏட்டி உலகு, நாந்தான் ரோஸ்லின்! தண்ணி பொங்கி விழுது! பிள்ளைக வர மாட்டேங்குதுக, ஒரு மணி நேரம் லேட்டா வாரேன், சமாளிச்சுக்கோ!"

"சரி சரி, வை" என்று கிசுகிசுத்து அவளை வெட்டிவிட்டு அப்பாவிடம் திரும்பினேன். அப்பா நீளமாகத் தொண்டையைச் செருமினார். குரல் இறங்கியிருந்தது. போனில் பேசிப் பழகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, ரோஸ்லினம்மா. நீ கூட இருக்கவ. உள்ளதச் சொல்லு. அந்தப் பிள்ளைக்குப் படிப்பு வருமா?"

"வருமாவா? உலகு மாதிரி புத்திசாலிப் பிள்ளைய இந்த ஜில்லாவுலயே பாக்க முடியாதுங்க."

"அப்படியா! வீட்டுல ஒரு ரசம் வைக்கத் தெரியலையே."

"ரசத்துக்கும் பிசிக்ஸுக்கும் சம்பந்தம் இல்லைங்க."

"மூஞ்சில தண்ணி தெளிச்சாத்தான் காலையில எந்திரிக்கா."

"டூட்டி அசதியா இருக்கும். ஹாஸ்டல்ல தானா எந்திரிச்சிருவா."

"கோவம் வேற பொசுக்குன்னு வந்துருது, அவ அம்மா மாதிரி."

"யாரு சொன்னா? கோவமெல்லாம் கிடையவே கிடையாது!" என்று நான் போட்ட சத்தத்தில் போர்டே அதிர்ந்தது.

"சரி சரி, இல்ல" என்றார். பிறகு அவர் பேசியதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தாயி, நான் எட்டாங்கிளாஸ் தாண்டல. குடம்னா தட்டிப் பாத்து எடுத்துருவேன். இந்தப் பிசிக்ஸ நான் எங்கன தட்டிப் பாக்க? எனக்குத் தெரியாத ஊருக்கு டிக்கெட் எடுத்துக் குடுன்னு கேக்கா. நடுவழியில எறங்கி நின்னான்னா? இந்த வேலையும் போயி, அந்தப் படிப்பும் போயி நிப்பாளே. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. கடைக்கு வருகிறவர்களிடம் பெருமை போய்விடுமே என்றுதான் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"அவ நடுவழியில எறங்க மாட்டாங்க" என்றேன். "லைன்ல குரல் கசிஞ்சா எல்லாரும் ஏசுவாங்க. அவ மட்டும்தான் ஏன் கசியுதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அது அவளுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. இங்கனயே உக்காத்தி வச்சா, கேட்டுக்கிட்டே கெழவி ஆயிருவா. போனா, தெரிஞ்சுக்கிடுவா."

"நீ ஜாமீன் நிப்பியா?"

"நிக்கேன்."

"பெயிலானான்னா ஒன்னையத்தான் வந்து கேப்பேன்."

"கேளுங்க."

சாருடைய லைன் முடிந்து ஷட்டர் 'டக்' என்று விழுந்தது. இன்னும் பேசுகிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் மனசைத் திறந்து பேசிய மனிதரிடம் பொய் வரவில்லை. "லைன் ஃப்ரீ ஆயிட்டு. சாருக்குக் குடுக்கட்டுமா?" என்றேன்.

"குடு தாயி."

கொடுத்தேன். கீயை மூடினேன். அதைத் திறந்தால் இரண்டு பேர் பேசுவதும் கேட்கும். மற்ற நாளில் திறந்திருப்பேன். அன்று வலது கையை நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் என் ராஜினாமா.

"உலகு, ஒங்கப்பா பேசினாரு. இதை இன்னைக்கே அனுப்பிரச் சொல்லுதாரு."

நான் எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் ஹெட்செட் கார்டு இழுத்து மறுபடி உட்கார வைத்தது.

"இன்னொண்ணு. ரோஸ்லின் ரொம்ப நல்ல பிள்ளை, நல்ல யோசனை சொல்லுச்சுன்னாரு. ரோஸ்லின் அருவிக்கில்லா போயிருக்கா?"

நான் போர்டைப் பார்த்தேன். போர்டு என்னைப் பார்த்தது.

"நம்பர் பிளீஸ்-க்கு மேல பேசக் கூடாதுன்னு தெரியும்லா?"

"தெரியும் சார்."

"இனிமே தெரிஞ்சு என்ன பண்ண, போகப் போறவதானே" என்றார். கதவைச் சாத்திய பிறகு உள்ளே அவர் சிரித்தது, எந்தக் கம்பியும் இல்லாமலே எனக்குக் கேட்டது.

5. கூடை

நான் பாளையங்கோட்டைக்குப் போன பிறகு அப்பா ஒரு கூடை மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு ரோஸ்லின் வீட்டுக்கே போய்விட்டார். நடந்ததை நான் அவளிடம் முன்பே சொல்லியிருந்ததால் அவள் சமாளித்துக்கொண்டாள். அதன் பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு கூடை. யோசனை சொன்னது நான், பழம் தின்றது அவள். அவளுக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. "ஒன் ஜாமீன்தாரி நல்லாத் திங்கா" என்று எனக்குத் தபால் கார்டு எழுதுவாள்.

படிப்பு ஒன்றும் சுலபமாக இல்லை. முதல் பரீட்சையில் எலெக்ட்ரிசிட்டி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பாதிக் கேள்வி புரியவில்லை. ஆனால் ஜாமீன் நின்றவள் நான். பெயிலானால் அப்பா போய் ரோஸ்லினைக் கேட்பார். அந்தப் பயத்திலேயே படித்தேன், பாஸ் பண்ணினேன், மேலே படித்தேன், கடைசியில் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனேன். காத்தாடிக்கு நேர் கீழே எனக்கு ஒரு நாள் கூட நாற்காலி கிடைக்கவில்லை. அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அப்பா காலமான அடுத்த சீசனில் கூடையை நான் எடுத்துக்கொண்டு போனேன். ரோஸ்லின் அதே வீட்டில்தான் இருந்தாள். "பாவம்ட்டி எங்கப்பா. கடைசி வரைக்கும் நீதான் பேசினேன்னு நம்பிக்கிட்டே போயிட்டாரு" என்றேன்.

ரோஸ்லின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீ இன்னுமா அப்படி நினைச்சுக்கிட்டு இருக்க?"

முதல் கூடையோடு வந்த அன்று, வாசலில் நின்றபடியே அப்பா அவளிடம் சொன்னாராம். "சாரலு நேரம் பாரு தாயி. அருவிக்கரையிலேருந்து நாந்தான் ரோஸ்லின்னு நீ கத்துனது மில்லுல என் காதுலயும் விழுந்துட்டு. நீ அங்கன குளிச்சுக்கிட்டு இருக்க, இங்கன ஒருத்தி ரோஸ்லின்னு பேசுதா. எடுத்ததுமே சத்தம் எங்கேயோ கேட்ட சத்தமா இருக்கேன்னுதான் நினைச்சேன். அவகிட்டச் சொல்லிராத. அவளுக்கு அவளே ஜாமீன் நின்னிருக்கா, அந்தப் பயத்துலயே படிச்சிருவா."

எத்தனையோ வருஷம் கரும்பலகையில் இரண்டு கம்பி வரைந்து, ஈரம் பிடித்தால் குரல் எப்படிக் கசியும் என்று பாடம் நடத்தினவள் நான். வடைக்காரர் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவள். அதே போஸ்ட், அதே மில், அதே சாரல். ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா?

சிரித்தேன், அழுதேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன். என்ன படிக்கலாம், எதை விடலாம் என்று என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். உன்னைத் தெரியாதவரைப் போல ஒருவர் வந்து உன்னைப் பற்றிக் கேட்டால், உனக்கு நீ ஜாமீன் நிற்பாயா? நிற்பேன் என்று வாய் முந்திக்கொண்டால் போ. யோசித்தால், இருக்கிற நாற்காலியிலேயே இரு, அதுவும் தப்பில்லை.

"அப்ப இத்தனை வருஷமா இந்தக் கூடை எதுக்குட்டி ஒனக்கு?" என்று ரோஸ்லினைக் கேட்டேன்.

"அதையும் ஒங்கப்பாகிட்டக் கேட்டேன்" என்றாள். "அன்னைக்கு நீ குளிக்கப் போனதுக்குத்தான் தாயின்னாரு."